தாள் தொடங்கும் இடம்

கோடு பார்த்துச் சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் குடியிருப்பிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். மழை எப்போது நிற்கும், பிள்ளை எவ்வளவு வளரும், சிலிண்டர் என்றைக்குத் தீரும் என்று எதைக் கேட்டாலும், கட்டம் போட்ட தாளில் இரண்டு புள்ளி வைத்து, ஒரு கோடு இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பதில் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். தவறிவிட்டால்? கோடு தவறாது. மழைதான் தவறும்.

நாம் பார்க்கப்போகும் அத்தான் அந்த இனத்தில் தலைச்சன். அன்று மோட்டார் பழுது. காலை ஆறு மணிக்கு நிரம்பிய மாடித் தொட்டியை வைத்துத்தான் பொழுதை ஓட்ட வேண்டும். அத்தான் தொட்டியின் அளவைக் குறித்து, படிக்கட்டுச் சுவரில் வரைபடம் ஒட்டினார். அவர் எழுந்ததே எட்டு மணிக்கு என்பதால் தாளின் இடது ஓரமும் எட்டில் தொடங்கியது. படுக்கைவாட்டில் ஒரு கட்டம் அரை மணி நேரம். மேல்வாட்டில் ஒரு கட்டம் ஆயிரம் லிட்டர்.

ஒன்பது மணிக்கு மூன்றாம் மாடி மைத்துனி வந்தாள்.

"அத்தான், பன்னெண்டரைக்கு எனக்கு இண்டர்வியூ. பத்தரைக்குத் தலைக்கு டை அடிச்சா பதினொன்னரைக்கு அலசணும். தண்ணி இருக்குமா?"

அத்தானுக்கு உள்ளம் குளிர்ந்தது. அந்தக் கட்டடத்தில் அவரிடம் வலிய வந்து கேட்பவள் அவள் ஒருத்திதான்.

"இங்க பாரு. கோடு ஓரத்தை ஆறாயிரத்துல வெட்டுது. அதான் வெட்டுத்துண்டு, ஆரம்பத்துல இருந்த அளவு. ஒரு கட்டம் நகர்ந்தா ஒரு கட்டம் இறங்குது. அதான் சாய்வு, மணிக்கு ஆயிரம். ஆறு மணிக்கு ஆறாயிரம்னா பன்னெண்டு வரைக்கும் கவலையே இல்ல. தாராளமா அடிச்சுக்கோ."

அடித்துக்கொண்டாள். பதினோரு மணிக்குக் குழாய் ஒருமுறை இருமிவிட்டு ஓய்ந்தது.

தலையில் பிளாஸ்டிக் பையும் நெற்றியில் கறுப்பு வழியலுமாக அவள் இறங்கி வந்தபோது, "யாரோ குழாயைத் திறந்து விட்டிருக்காங்க" என்றார் அத்தான்.

"டேங்க் பத்தாயிரம் பிடிக்கும். ரொம்பின டேங்க்ல ஆறு மணிக்கு ஆறாயிரம் எப்படி இருக்கும்?" அவள் சாய விரலால் கோட்டைப் பின்னோக்கி இழுத்தாள். தாள் முடிந்தது, விரல் நிற்கவில்லை. வெள்ளைச் சுவரில் நான்கு கட்டம் தள்ளி, நான்கு கட்டம் ஏறி, ஒரு கறுப்புப் பொட்டு வைத்தது. "ஆறு மணி இங்க இருக்கு. உங்க வெட்டுத்துண்டும் இங்கதான். ரெண்டு கட்டம் சேர்ந்தாதானே ஒரு மணி நேரம்? அப்போ மணிக்கு எவ்ளோ?"

"ரெண்டாயிரம்" என்றார் அத்தான், தனக்கே கேட்காத குரலில்.

"அஞ்சு மணி நேரத்துல காலி. இப்போ என் தலைக்கு ஒரு வழி சொல்லுங்க."

வழியை உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னாள்: "வாடி, நாலு பக்கெட் வெச்சிருக்கேன். இவர் கோடு போட ஆரம்பிச்சாலே நான் பக்கெட்டை நிரப்பிடுவேன்."

அத்தானே மொண்டு மொண்டு ஊற்றினார். மைத்துனியும் காது மடலில் கொஞ்சம் கறுப்போடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன மாதம்தான் அறிமுகமான ஒருவரைப் பற்றி, "அவன் ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்" என்று அடித்துச் சொன்னீர்களே, அவருடைய ஆரம்பத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?