மூன்றாம் குழியில் ஒரு சட்டி

“இன்னிக்கு என்ன கிடைச்சுது மேஸ்திரி?”

“மண்ணுதான் ஐயா. நேத்தைவிட கொஞ்சம் நல்ல மண்ணு.”

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடல் தாண்டி வந்து இங்கே தொல்பொருள் ஆய்வு மையம் நடத்துகிறவர். வெள்ளிக்கிழமைக்குள் எதுவும் கிடைக்காவிட்டால் மையத்தை மூடிவிடுவதாக அவருடைய தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. மூடினால் மண் வெட்டுகிறவர்கள், பானை ஓடு கழுவுகிறவர்கள் என்று நாற்பது குடும்பத்துக்கு வேலை போய்விடும்.

மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மனைவியின் உப்புச் சட்டியைக் கொண்டுவந்து மூன்றாம் குழியின் மூலையில் முழ ஆழத்தில் புதைத்தார். ஐயா நம்பிக்கையோடு இன்னும் ஒரு வாரம் தோண்டட்டும், அதற்குள் நிஜமாகவே ஏதாவது அகப்படாதா என்ற நப்பாசை.

சாயங்காலமே மூன்றாம் குழியில் கூச்சல். மேஸ்திரி ஓடிப்போய்ச் சேர்வதற்குள், இயக்குநர் ஒரு சட்டியை ஈரத்துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு ஆய்வறைக்குப் போய் அலமாரியில் பூட்டிவிட்டார். நிபுணர்கள் வரும்வரை யாரும் பார்க்கக்கூடாதாம்.

“ரெண்டாயிரம் வருஷம் மேஸ்திரி!”

மேஸ்திரி அலமாரிப் பூட்டை எட்டிப் பார்த்தார். “போன வருஷத்துச் சட்டியா இருக்கப் போகுது ஐயா...”

“அதான் அதிசயமே! அவ்வளவு புதுசா இருக்கு!”

அன்றே தலைமை அலுவலகத்துக்குத் தகவல் பறந்தது. மறுநாள் பத்திரிகையில் செய்தி. நிபுணர்கள் மூன்று பேர் விமானம் ஏறத் தயாரானார்கள். எப்படியாவது சட்டியைக் கிளப்பிவிடலாம் என்று ஆய்வறை வாசலையே சுற்றிவந்த மேஸ்திரியைப் பார்த்து இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இவ்வளவு அக்கறையா காவல் காக்கிறீங்களே!” என்றவர், மேஸ்திரியின் சிரமம் குறையட்டும் என்று இன்னொரு பூட்டும் போட்டார்.

வீட்டில் மனைவி.

“ஏங்க, என் உப்புச் சட்டி எங்க?”

“பேப்பர்ல இருக்கு.”

விஷயத்தைக் கேட்டதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அது எங்கம்மா குடுத்தது. நீங்க போய்க் கேக்கறீங்களா, நான் வரட்டுமா?”

நிபுணர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், மேஸ்திரி காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இயக்குநர் எழுந்தார். பூட்டுகளைத் திறந்தார். துணியோடு சட்டியைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் அடித்தார். மேஸ்திரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அந்தத் துணிமூட்டையைக் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போனது.

‘நடந்தது மோசடி, மன்னிக்கவும்’ என்று இயக்குநர் எழுதினார். வந்த பதில் ஒரே வரி. மையத்தை மூடுங்கள்.

கடைசி நாள். நாற்பது பேரும் குழிகளைத் தூர்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஓடு கழுவுகிற அம்மாள் மூன்றாம் குழியிலிருந்து ஏறி, அவர் எதிரே வந்து நின்றாள்.

“மேஸ்திரி, உங்க வீட்டு உப்புச் சட்டி இந்தாங்க, மூலையில முழுசா இருந்துச்சு, அடியில உப்புகூட ஒட்டியிருக்கு. அப்ப ஐயா போட்டு உடைச்சது எந்தக் காலத்துச் சட்டி?”