சாரங்குக்குச் சீனி போடாத கேசரி

"செத்துப் போனவரு எப்படிக்கா பிள்ளை பெத்துக்க முடியும்? நான் கேக்கறது ஒரே ஒரு—"

"வாயைக் கழுவுடா! யாரைப் பத்திப் பேசறே? பெத்த அப்பாவைப் பத்தி—"

"நான் பேசலக்கா, ஆப் பேசுது! சிவப்புல கோடு போட்டுக் காட்டுது பாருங்க—"

"ஆப்பாவது அப்பமாவது! அதுக்கு நம்ம குடும்பத்தைப் பத்தி என்ன தெரியும்?"

ஜோகூர் மாநிலத்துக் குளுவாங்கில் வெள்ளையம்மாவின் வீட்டு வாசலில் கட்டியிருந்த பச்சைக்கிளி மட்டும் பேசாமல் இருந்தது. மற்றபடி அக்காவும் தம்பியும் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுச் சீனர் தொலைக்காட்சியைக் கூட்டி வைக்கும் அளவுக்குப் போயிருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். சிலருக்குப் பூச்செடி. சிலருக்குத் தூண்டில். தம்பி திருச்செல்வத்துக்குத் தாத்தா பிடித்திருந்தது.

தாத்தா சதாசிவம் லேசுப்பட்டவர் இல்லை. ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், மனைவி கருப்பாயியைக் கேலி பேசிய, கணக்கெழுதுகிற கிராணியின் தலையில் பால்வாளியைக் கவிழ்த்து, அதற்குமேல் வாளியாலேயே ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, போலீஸ் வருவதற்குள் மெர்சிங் போய்க் கப்பல் ஏறியவர். கப்பலில் ஆட்களுக்கெல்லாம் மேலாளாக, சாரங்காக உயர்ந்தவர். கடைசியில் கப்பலோடு கடலில் போனவர். பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள் எல்லாம் தோட்டத் தொழிலாளி பேரன்கள். திருச்செல்வம் மட்டும் சாரங்கு பேரன். தொழிற்சாலையில் முப்பது வருஷமும் அந்த நினைப்பிலேயே நிமிர்ந்து நடந்தவர் அவர்.

இந்த ஆடிக்கு மொத்தக் குடும்பத்தையும் மெர்சிங்கில் கூட்டுவதென்று ஏற்பாடு. தாத்தாவின் ஒரே படத்தை நெஞ்சில் அச்சடித்து, கீழே நங்கூரமும், 'சாரங்கு சதாசிவம் பரம்பரை' என்ற எழுத்தும் போட்டு, நீலச் சட்டைகள் தயார். குடும்ப மரத்தை வரைந்து பெரிதாகப் பிரிண்ட் எடுப்பது ஒன்றுதான் பாக்கி. அந்த மரம்தான் இப்போது காலை வாரியது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து லோஷினி இறங்கி வந்தாள். வெள்ளையம்மாவின் மகள். வாரம் முழுக்கச் சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில் குளுவாங். மரம் வரைகிற ஆப் அவளுடைய போனில்தான் இருந்தது.

"மாமா, சிம்பிள் லா. தாத்தா செத்தது முப்பத்தெட்டுன்னு நீங்க சொன்னீங்க. அவரோட மகன், அதான் உங்க அப்பா, ஜப்பான்காரன் வந்த வருஷம் பிறந்தாருன்னு அம்மா சொல்றாங்க. அதான் ஆப் ஒத்துக்க மாட்டேங்குது."

"அப்போ தாத்தா செத்ததை நாப்பத்திரெண்டுன்னு போடு," என்றார் திருச்செல்வம்.

"போடலாம். ஆனா கேரியர்?"

மூவரும் அடுப்படி அலமாரியைப் பார்த்தார்கள். அங்கே தேய்த்துத் தேய்த்து மினுங்கிப்போன பித்தளைக் கேரியர் உட்கார்ந்திருந்தது. பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவது நம் ஆட்கள் வழக்கம். அதன் மூடியில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: 'சதாசிவம் 1938'. தாத்தா கடலில் போன வருஷமே, முதல் படையலுக்காகப் பாட்டி வாங்கியது அது.

"அது... கல்யாண வருஷமா இருக்கும்," என்றார் திருச்செல்வம்.

"அப்பாவோட அக்கா, நம்ம அத்தை பொறந்தது முப்பத்தாறு," என்றார் வெள்ளையம்மா. "கல்யாணத்துக்கு முன்னாடியே அத்தையைப் பெத்தாங்கன்னு சொல்ல வர்றியா? ஒரு பாவத்தை மறைக்க இன்னொரு பாவமாடா?"

"அலமாக்," என்று லோஷினி தலையில் கை வைத்தாள்.

அந்தக் கேரியரை வைத்துச் செய்யும் படையல்தான் அந்தக் குடும்பத்தின் பெருமை. ஜோகூர் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு படையல் கிடையாது. ஆடி மாதக் கடைசி ஞாயிறு மெர்சிங் போக வேண்டும். மீன் கூடாது, ஆட்டுக்கறிப் பிரட்டல்தான். "கடல்ல கிடக்கிறவருக்கு மீனுக்கா பஞ்சம்?" என்பாள் பாட்டி. கூடவே ஒரு புதுக் கைலி, சவர பிளேடு, மூட்டுவலிக்குக் கோடாலித் தைலம். கேசரி உண்டு, ஆனால் சீனி போடக் கூடாது. முன்பெல்லாம் சீனி போட்டதுதான். ஒரு வருஷம் பாட்டி திடீரென்று, "இனிமே சீனி ஆகாது" என்று உத்தரவு போட்டாள். ஏனென்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் படகில் போய்ப் படைக்க வேண்டும், மற்றவர்கள் கரையில் நிற்க வேண்டும். கேரியரைக் கழுவித்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பாட்டி போன பிறகு படகு மட்டும் நின்றது. வெள்ளையம்மா கரையில் நின்றே எல்லாவற்றையும் கடலில் சேர்த்து வந்தார். மற்ற விதிகளில் ஒரு எழுத்து மாறவில்லை.

"சரி, கப்பல் பக்கமிருந்து வருவோம்," என்றார் திருச்செல்வம். "கப்பல் எப்ப முழுகினதுன்னு கண்டுபிடிச்சா வருஷம் சரியாயிடும்."

"பழைய கப்பல் ஆராய்ச்சி பண்றவங்க குரூப்ல கேட்டேன் மாமா. பாட்டி சொன்ன பேர்ல ஒரு கப்பல் மெர்சிங் பக்கம் முழுகவே இல்லையாம்."

"முழுகலையா?"

"முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல."

வெள்ளையம்மாவின் குரல் இறங்கியது. "கப்பல் முழுகிடுச்சுன்னு பாட்டிதானே சொன்னாங்க."

"பாட்டிக்கு யாரு சொன்னது?" என்றாள் லோஷினி.

"அந்தப் படகுக்காரரு."

"எந்தப் படகுக்காரரு?"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று வீடு திரும்பும் வழியில் திருச்செல்வத்தின் மனம் பழைய மெர்சிங் பஸ்ஸில் ஏறிக்கொண்டது. காஹாங் தாண்டி, ஜெமாலுவாங் தாண்டி, மடியில் சூடாகக் கேரியர். பஸ் முழுக்க ஆட்டுக்கறி வாசம். முன் சீட்டு மலாய்க்கார அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். படகுத்துறையில் பாட்டி, சின்னப் பையனாக இருந்த அவருக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பாள். கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துப் பொட்டைச் சரி செய்துகொள்வாள். தாத்தாவின் உடம்பைக் கண்ணால் பார்க்காதவரை பொட்டை அழிக்க மாட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சண்டை போட்டு வைத்துக்கொண்ட பொட்டு அது. துறையில் எத்தனையோ படகு நிற்கும். பாட்டி எதிலும் ஏற மாட்டாள். ஆற்றுப் பக்கமிருந்து பெரிய ஓலைத் தொப்பி போட்ட ஒருவர் படகைத் தள்ளிக்கொண்டு வருவார். தொப்பிக்குக் கீழே முகம் தெரியாது. குடையை விரித்துக்கொண்டு பாட்டி போவாள். திரும்பி வரும்போது கேரியர் கழுவிச் சுத்தமாக இருக்கும். பாட்டியின் வாய் வெற்றிலையில் சிவந்திருக்கும்.

கடைசித் தடவை மட்டும் அப்படி இல்லை. திருச்செல்வத்துக்கு மீசை முளைத்திருந்த காலம். கேரியர் நிறையச் சாப்பாட்டோடு பாட்டி திரும்பி வந்தாள். "அலை ஜாஸ்தி, படைக்க முடியல," என்றாள். வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவினாள். அதற்கப்புறம் அந்த நெற்றியில் பொட்டு இல்லை.

ஆடியில் மெர்சிங் கடலில் ஏது அலை? கடல் கொந்தளிப்பது வருஷக் கடைசியில் அல்லவா? திருச்செல்வம் காரை ஓரமாக நிறுத்தினார். அந்த வருஷம் அந்தப் படகுக்காரன் செத்திருக்கிறான். பாட்டி அவனுக்காகப் பொட்டை அழித்திருக்கிறாள். அப்படியானால் அப்பா?

நெஞ்சில் அச்சடித்த தாத்தா மெல்ல உரிந்து விழுவது போலிருந்தது. சாரங்கு பேரன் என்று நிமிர்ந்து நடந்த நடையெல்லாம் யாருடைய நடை?

லோஷினிக்கு மட்டும் குரலில் ஒரு செய்தி அனுப்பினார். "லோஷினி, அந்தப் படகுக்காரன் பேரு என்னன்னு உங்கம்மாகிட்ட நைசா கேளும்மா. எனக்கென்னவோ எங்கப்பா சாரங்கு மகன் இல்ல, படகுக்காரன் மகன்னு தோணுது. யார்கிட்டயும் சொல்லிடாதே."

அனுப்பிய பிறகுதான் மேலே பெயரைப் பார்த்தார். 'சாரங்கு குடும்பம்'. ஜோகூர் பாருவிலிருந்து ஆஸ்திரேலியா வரை எல்லாரும் இருக்கிற குரூப். அவசரமாக அழித்தார். அழிந்துவிட்டது. அப்பாடா என்று காரை எடுத்தார்.

அவருடைய போனில் மட்டும்தான் அழிந்திருந்தது.

வீடு போய்ச் சேர்வதற்குள் அத்தை மகன் விஜயன் கூப்பிட்டார். "மச்சான், ஒரு சந்தேகம். எங்கம்மா முப்பத்தாறுல பொறந்தவங்க. எங்க பக்கம் கணக்கு சரியா இருக்கு. உங்க பக்கத்துக்கு மட்டும் சட்டையில நங்கூரத்தை எடுத்துட்டுத் துடுப்பு போடச் சொல்லவா?"

அடுத்து வெள்ளையம்மா கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"திரு. கருப்பாயி பாட்டி குளுவாங் பசார்ல காய்கறி வித்து நம்ம அப்பாவை ஆளாக்கினவ. அவ பேரை நீ ஆஸ்திரேலியா வரைக்கும் நாறடிச்சிட்டே. ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் படகுக்காரன் வெறும் படகுக்காரன்தான்னு எனக்கு நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா எனக்குத் தம்பி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை. மெர்சிங் கடற்கரையில் நீலச் சட்டைகள் இரண்டு பிரிவாக நின்றன. விஜயன் பக்கத்து ஆட்கள் நங்கூரம் நன்றாகத் தெரியும்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். குடும்ப மரம் சுருட்டியபடி காரில் கிடந்தது. திருச்செல்வமும் வெள்ளையம்மாவும் கேரியரைத் தூக்கிக்கொண்டு, ஆற்றோரம் பழைய படகுத்துறைக்கு நடந்தார்கள். பின்னால் லோஷினி, கையில் கைலியும் தைலமும்.

"மாமா, இந்தத் தைலக் கண்ணாடி பாட்டிலையும் கடல்ல போடணுமா? மீனுக்கு மூட்டுவலியா?"

"சும்மா வா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஒரு வாரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அப்போதுதான்.

துறையில் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. பெயர் ரோலண்ட் என்றார். சின்ன வயதிலிருந்து இதே துறையில்தான் வேலை, இப்போது மகன்கள் படகு விடுகிறார்கள், தான் சும்மா அலையை எண்ணுகிறேன் என்றார்.

"ஐயா, ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு அம்மா குளுவாங்கிலேருந்து வருஷா வருஷம் வருவாங்க," என்று திருச்செல்வம் தொடங்கினார். "ஆடி மாசம். குடை பிடிச்சுக்கிட்டு..."

"கருப்பாயி அம்மா," என்றார் ரோலண்ட்.

வெள்ளையம்மா தம்பியின் முழங்கையை இறுகப் பிடித்தார்.

"ஆமாங்கய்யா. அவங்களை ஒருத்தர் படகுல கூட்டிட்டுப் போவாரு. ஓலைத் தொப்பி போட்டுக்கிட்டு. அவரு..." திருச்செல்வம் கேரியரைக் கை மாற்றிப் பிடித்தார். "அவரு வெறும் படகுக்காரர்தானே? எங்க பாட்டிக்கு அவரு... வேற எதுவும்..."

ரோலண்ட் கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திருச்செல்வத்தின் நெஞ்சில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு வெள்ளையம்மாவின் நெஞ்சில் இருந்த படத்தை, மரியாதைக்குச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். கேரியரை வாங்கி மூடியில் வெட்டியிருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். ரொம்ப நாள் பழக்கம் போல கொக்கியைத் தட்டித் திறந்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆட்டுக்கறி," என்றார். அடுத்த தட்டைத் தூக்கினார். விரலால் துளி எடுத்து நாக்கில் வைத்தார். கண் கலங்கியது, உடனே சிரிப்பும் வந்தது. "கேசரி. இன்னமும் சீனி போடலையா?"

"பாட்டி உத்தரவுங்க," என்றார் வெள்ளையம்மா மெதுவாக.

தூரத்தில் விஜயன், "மச்சான், படையல் நேரம் ஆச்சு!" என்று கை தட்டிக் கூப்பிட்டார். ஒருவரும் திரும்பவில்லை.

ரோலண்ட் கேரியரைப் பத்திரமாக மூடி, திருச்செல்வத்தின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, உங்க சட்டையில இருக்கற இந்த மனுஷன்தான் அந்தத் தொப்பிக்காரரு, அவரு உயிரோட இருந்தவரைக்கும் அந்தம்மா கொண்டாந்து, பக்கத்துல உக்காந்து பரிமாறிட்டுப் போனாங்க, நான்தான் கேரியரைக் கழுவிக் குடுப்பேன், சரி, அவருதான் சீனி வியாதியில செத்து நாப்பது வருஷம் ஆச்சே, நீங்க இன்னும் யாருக்குய்யா இதையெல்லாம் கடல்ல கொட்டிக்கிட்டு இருக்கீங்க?"