டேங்க் நிறைய டீசல்

எங்கள் வீட்டு டீசல் கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க நான் என்ன செய்தேன் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்குத் தெரியும். மஸ்கட்டில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூடத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா ஓய்வுபெற்ற கையோடு ஒரு பழைய டீசல் அம்பாசடரை வாங்கியிருந்தார். அது ஸ்டார்ட் ஆனால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகள் அதிரும். அப்பாவுக்கு அது சங்கீதம். நானோ குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நாள் முழுக்கத் திருகாணிகளை அளப்பது என் வேலை. (வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. அம்மா சுட்ட தோசையின் விட்டத்தை ஸ்கேல் வைத்து அளக்கப்போய், தோசைக் கரண்டியால் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.)

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா போகிற போக்கில் சொன்னார்.

"வண்டி முன்ன மாதிரி இல்லடா. டீசல் ஜாஸ்தி குடிக்குது."

"எவ்வளவு ஜாஸ்திப்பா?"

"என்னமோ... ஜாஸ்தின்னு தோணுது."

"தோணுதுன்னு எல்லாம் சொல்லக்கூடாதுப்பா. அளந்து சொல்லணும்."

அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார். இவனைப் படிக்க வைத்தது தப்போ என்ற சந்தேகம் அவர் கண்ணில் முதன்முதலாக அன்றுதான் தெரிந்தது.

முதலில் எல்லோரும் செய்கிற வழியைத்தான் செய்தேன். டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வது, கொஞ்ச தூரம் ஓட்டுவது, மறுபடி நிரப்புவது, எவ்வளவு பிடித்ததோ அதால் வகுப்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் டீசல் ஊற்றும்போது நுரைக்கும். முதல் தடவை நுரை பொங்கியதுமே டேங்க் நிறைந்துவிட்டதென்று பங்க்கில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த தடவை நான் காரைப் பிடித்துக் குலுக்கி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, விளிம்புவரை ஊற்ற வைத்தேன். லிட்டருக்கு ஒன்பது என்று வந்தது. அதற்கடுத்த தடவை நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் மறுபடி நுரையோடு நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு!

அப்பா கேட்டார்: "அதே வண்டி, அதே ரோடு, ஓட்டினவனும் நான்தான். ஒருநாள் ஒன்பது, ஒருநாள் பதினெட்டா? இதுக்கு நான் கிளி ஜோசியம் பார்த்திருப்பேனே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டேங்க்தான் பிரச்சினை என்றால் டேங்கே வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரண்டு லிட்டர் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் கேன். அதில் அளந்து டீசல் ஊற்றி, பானட்டுக்குள் ஓரமாகக் கட்டி, டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு குழாய் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு குறைந்தது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். நுரையும் கிடையாது, கிளியும் கிடையாது.

இதைச் செய்வதற்கு நான் தேர்ந்தெடுத்த நாள்தான் விஷயம்.

அன்று சாயங்காலம் அக்கா மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறாள். அத்தான் அங்கே வேலைக்குப் போய்விட்டார். குழந்தை வித்யாவுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டிலேயே, அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்த குழந்தை. கிளம்புவதற்கு முன் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நங்கநல்லூரிலிருந்து அக்காவின் மாமனார் வந்து இருவரையும் அழைத்துப் போயிருந்தார். அம்மா அப்போது அழவில்லை. "அதான் ஏர்போர்ட்டுக்கு வரப்போறோமே" என்று சொல்லிச் சிரித்தபடி குழந்தையைக் கொடுத்தாள்.

அன்று காலை நான் கேனைக் கட்டி முடித்தேன். விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. கார் எவ்வளவு மோசமாகக் குடித்தாலும் இரண்டு லிட்டரில் தாராளமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். நேரான ஜி.எஸ்.டி. ரோடு. இதைவிட நல்ல சோதனை ஓட்டம் எப்போது கிடைக்கும்? அப்பாவிடம் சொல்லவில்லை. ரிசல்ட்டைச் சொல்லி அசத்தலாம் என்று இருந்தேன்.

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மடியில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். டப்பாவில் குழந்தைக்குக் கஞ்சி மாவு. வறுத்து அரைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்த மாவு. அப்பா ஓட்டினார். நான் முன்சீட்டில் கிலோமீட்டர் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். (அக்கா ஊரைவிட்டுப் போகிறாள் என்ற நினைப்பே எனக்கு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.)

அன்று வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தைக்கு வந்த கூட்டம் ரோடு வரைக்கும் வழிந்திருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவில் கார் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

"என்னடா இது? நேத்துதானே டேங்க் ஃபுல் பண்ணேன்!" என்றார் அப்பா.

"டேங்க்ல இருக்குப்பா."

"அப்புறம் என்ன?"

"டேங்க்ல இருக்கறது எஞ்சினுக்கு வராதுப்பா."

"ஏன் வராது?"

"நான் கழட்டி வச்சிருக்கேன்."

அப்பா ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பானட்டைத் திறந்தேன். கேன் துடைத்து வைத்ததுபோல் காலி. அப்போதுதான் உறைத்தது. டீசல் எஞ்சின் இழுக்கிற எல்லாவற்றையும் எரிப்பதில்லை. மிஞ்சியதை இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். அந்தக் குழாயை நான் மறந்தே போனேன். வீட்டிலிருந்து பல்லாவரம் வரைக்கும் கார் ஒழுங்காக என் கேனிலிருந்து டீசலை எடுத்து டேங்குக்குள் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

சந்தையில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், டீசல் கீதா பாத்தியா?"

"கீதுப்பா. டேங்க் நிறைய கீது" என்றார் அப்பா, அவர் பாஷையிலேயே.

"அப்பால ஏன் நின்னுகினு கீது?"

அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து காரை ஓரம் தள்ளினார்கள். தள்ளியவர்கள் மூச்சுவாங்கி நின்றார்கள். அம்மா டப்பாவோடு இறங்கி, "ஏண்டா, நாம ஒரு ஆட்டோ பிடிச்சுப் போயிடலாமா?" என்றாள்.

"வேண்டாம்மா. ரெண்டே நிமிஷம்."

இத்தனை வருடத்தில் நான் சொன்ன எத்தனையோ அபத்தங்களை மறந்துவிட்டேன். இந்த ஒன்றை மறக்க முடியவில்லை.

டேங்கின் குழாயை மறுபடி மாட்டினேன். ஆனால் டீசல் வண்டி ஒருமுறை வறண்டு போனால் குழாய்களுக்குள் காற்று புகுந்துகொள்ளும். அந்தக் காற்றை வெளியேற்றாமல் உயிர் வராது. ஒரு திருகாணியை லேசாகத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்து, குமிழி நிற்கும்வரை டீசலை வெளியே விட வேண்டும். லேசாக என்றால் எவ்வளவு? நான் முழுதாகவே கழற்றிவிட்டேன். திருகாணி எங்கேயோ உள்ளே விழுந்தது. டீசல் பீறிட்டு என் சட்டையில் அடித்தது. காருக்கு அடியில் படுத்துத் தேடினேன். அம்மா இன்னொரு முறை "ஆட்டோ..." என்றாள். "கிடைச்சிடுச்சும்மா, இதோ" என்றேன். கிடைக்கவில்லை.

கடைசியில் அப்பாதான் குரலை உயர்த்தினார். "போதும். நீ அம்மாவைக் கூட்டிட்டுப் போ. நான் வண்டிகிட்ட இருக்கேன்."

"நீங்களும் வாங்கப்பா."

"நடுரோட்டுல திறந்து போட்டுட்டு எப்படிடா வர்றது? போ, நேரமாகுது."

ஆட்டோவும் அந்தச் சந்தைக் கூட்டத்திலிருந்து விடுபட வேண்டியிருந்தது. விமான நிலைய வாசலில் அக்காவின் மாமனார் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா, இப்பதான் உள்ள போனா. ரொம்ப நேரம் வாசல்லயே நின்னு பார்த்தா. அப்புறம் நான்தான் ஃபிளைட் போயிடும்னு திட்டி அனுப்பினேன்."

"குழந்தை?"

"தூங்கிடுச்சு."

அம்மா கண்ணாடிக் கதவு வரைக்கும் போய் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தாள். உள்ளே யார் யாரோ பெட்டி தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு வெளியே மதில் ஓரமாக வந்து நின்றோம். ஒரு விமானம் கிளம்பி மேலே ஏறியது. அம்மா டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் ஆட்டினாள். அது டெல்லி விமானம் என்று மாமனார் என் காதில் மட்டும் சொன்னார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்தது கிளம்பியபோது அவள் அதற்கும் ஆட்டினாள்.

இருட்டும் நேரத்தில் பல்லாவரம் திரும்பினோம். அப்பா பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "பார்த்தீங்களா?" என்று கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. அவர் கொப்பளித்திருந்த விரலை ஊதிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"வண்டி நின்ன உடனே ஆத்திரத்துல இந்த சக்கரத்துல கை வச்சேன். நெருப்பா சுட்டுது. பிரேக் விடாமப் பிடிச்சிருக்கு. அதான் டீசல் குடிச்சிருக்கு."

அவ்வளவுதான். பிரேக் போட்டபடியே ஓடிக்கொண்டிருந்த கார். இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அக்கா ஊருக்கு வர மூன்று வருடம் ஆயிற்று. வித்யா நன்றாக நடந்தாள், நிறையப் பேசினாள். அம்மா கையை நீட்டியபோது ஓடிப்போய் அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா சிரித்துவிட்டு உள்ளே போனாள். குழந்தை நெருங்கி வர அந்த லீவு முழுவதும் ஆயிற்று. வந்தபோது அவர்கள் கிளம்பும் நேரம்.

அந்த லீவில்தான் அப்பா கதையை நடித்துக் காட்டினார். "டேங்க்ல இருக்குப்பா, எஞ்சினுக்கு வராதுப்பா" என்று என் குரலிலேயே. வித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு 'டேங்க் ஃபுல் மாமா'. இப்போது அவளுக்குக் கல்யாணமாகி, அவள் கணவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், "மாமா கார் வேண்டாம், ஆட்டோ சொல்லு" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்துகொள்வேன், சிரிக்காவிட்டால் இன்னும் ஒருமுறை சொல்வார்கள் என்பதால்.

அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கதை ஓடுகிறது என்பது எல்லோருடைய முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

"விடுங்கடா அவனை" என்பாள். "பாவம், சட்டையெல்லாம் டீசலோட என் பின்னாடியே ஓடி வந்தான். அவன் அக்காவை அவனும்தானே பார்க்கல."