தறி நின்ற நேரத்துக் கம்ப்யூட்டர்

அருப்புக்கோட்டை
28.12.1998

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை சாம்ராஜ் அவர்களுக்கு மாமா தாவீதுராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நீங்கள் விட்டுச்சென்ற கம்ப்யூட்டரும் ஆண்டவர் கிருபையால் சுகம். பெங்களூர்க் குளிரில் நீங்களும் மகள் சுஜிதாவும் சளி பிடிக்காமல் இருக்க ஜெபிக்கிறோம்.

நிற்க. கிறிஸ்துமஸ் பாட்டு ஜெயமாக முடிந்தது. எல்லாம் நீங்கள் அனுப்பிய சி.டி. செய்த உபகாரம். போன வருஷம் நான் கையால் எழுதிக் கொடுத்த இசைக்குறிப்பு நோட்டில் நம் பாட்டுக்குழு மரியசெல்வி தன் வரியை விட்டுவிட்டு ஆம்பிளைகள் வரியைப் பிடித்துக்கொண்டு பாடியதும், சபையே சிரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதனால்தான் போதகர், நாலு குரலுக்கும் அச்சில் நோட்டு இருந்தால் இந்த வருஷம் பாடுங்கள், இல்லாவிட்டால் மதுரையிலிருந்து கீபோர்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். தலை நரைக்கக் குழு நடத்துறவனுக்கு இது எம்புட்டு அவமானம், சொல்லுங்க. எனக்குச் சோறே இறங்கல.

சி.டி.யில இருந்த நோட்டு அச்சடிக்கிற சாப்ட்வேர் இலவசம்னு நீங்க சொன்னப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். வந்தது வெறும் எழுத்து. அதைக் கம்ப்யூட்டரே சேர்த்துக் கட்டி ஆளாக்கணுமாம், அதுக்குப் பேரு கம்பைலாம். சரின்னு கட்டச் சொன்னா மணிக்கணக்கா கட்டுது, அதுக்குள்ள பின்வீட்டுச் சகாபுதீன் தறியப் போட்டா கரண்டு இறங்கி எல்லாம் அணைஞ்சிருது. ராப்பகலா ஓடுற தறி வெள்ளிக்கிழமை மத்தியானம் அவுக தொழுகைக்குப் போகையிலதான் நிக்கும், அதனால வெள்ளிக்கு வெள்ளி அந்த நேரம்தான் நமக்குக் கிடைச்சது. இன்னைக்கு நோட்டு வந்துரும்னு ரெட்டியபட்டியில இருந்தெல்லாம் குழு பஸ்ஸேறி வந்து உக்காந்துரும். சும்மா விட்டா ஊர்க்கதை பேசும்னு, அவுகவுக வரியை நானே வாயால பாடிக்காட்டித் திரும்பத் திரும்பப் பாட வைப்பேன். அவுக தொழுதுட்டு வந்து தறியப் போடுவாக, இங்க படக்குனு அணையும், உங்க அத்தை எல்லாருக்கும் காப்பி குடுத்து அனுப்புவா. மறுவெள்ளி முதல்லருந்து.

ஏன் முதல்லருந்துன்னுதான் அப்ப எனக்கு விளங்கல. நீங்க சொன்ன கட்டளைகள்ல ‘மேக் கிளீன்’னு ஒண்ணு இருந்துச்சுல்ல, அதை அடிக்காம நான் ஒருநாளும் தொடங்குனதில்ல. நல்ல காரியத்துக்கு முந்தி வீட்டைக் கூட்டி வாசல் தெளிக்காம நம்ம வீட்டுல என்னைக்காவது இருந்திருக்கோமா? எஸ்.டி.டி. பூத்துல இதை நான் பெருமையாச் சொன்னப்பதான் நீங்க சொன்னீங்க: “மாமா, அது குப்பையைக் கூட்டல. போன வாரம் கட்டுனதைத்தான் கூட்டித் தள்ளுது.” போனை வச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சீகளாமே, சுஜிதா சொன்னா.

அடுத்த வெள்ளி கூட்டாமலே உக்காந்தேன். விட்ட இடத்துல இருந்து சமர்த்தாக் கட்டுச்சு. ஆனா முடியுறதுக்குள்ள சகாபுதீன் பள்ளிவாசல்ல இருந்து வந்துட்டாரு. அவரு சன்னல் பக்கம் நின்னு பாட்டைக் கேட்டுட்டு, “முடிச்சிட்டு ஒரு குரல் குடுங்க அண்ணாச்சி, பெறகு தறியப் போட்டுக்கிறேன்”னாரு. அந்த மனுசன் நல்லாருக்கணும். முடிஞ்சது, பிரிண்டரும் நூல் பிடிச்சாப்புல இசைக்குறிப்போட அஞ்சு கோடும் போட்டுத் தள்ளுச்சு.

கிறிஸ்துமஸ் விடியக்கால ஆராதனையில் ஒரு குரல் பிசகவில்லை. ஈஸ்டருக்கும் நீங்கள்தான் என்று போதகர் கையைப் பிடித்துச் சொன்னார். அந்த அச்சு நோட்டு இல்லாவிட்டால் என் மானம் போயிருக்கும், மாப்பிள்ளை. உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. சுஜிதாவுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
தாவீதுராஜ்

பி.கு.: கவரை ஒட்டப்போற நேரத்துல உங்க அத்தை கம்ப்யூட்டர் மேல கிடந்த பூப்போட்ட உறையைத் துவைக்க எடுத்தா. அச்சடிச்ச நோட்டு மொத்தமும் அதுக்கடியில மடிப்புக் கலையாம இருக்கு. யாருமே கோயிலுக்கு எடுத்துட்டுப் போகல. குழு கையில நான் பார்த்தது கீர்த்தனைப் புஸ்தகமாம். மரியசெல்வியைக் கேட்டா, “அத்தனை வெள்ளி பாடுனதுக்குப் பேப்பர் வேற வேணுமா, அண்ணே?”ங்கிறா. போதகருக்குத் தெரிய வேண்டாம். ஈஸ்டர் பாட்டுக்கும் குழு வெள்ளிக்கிழமை வந்து உக்காரணும்ல, அதனால இப்பத்தான் ‘மேக் கிளீன்’ அடிச்சு வச்சிருக்கேன்.