என் வயல் மீனும் ஹால்தார் வலையும்

சிப்பிகாட்.

என் தங்கை வயிற்றில் பிறந்து, இந்தத் தீவை விட்டு மெயின்லேண்டில் உத்தியோகம் பார்த்து, மாமனை மறந்துவிடாத மருமகன் அருண்பிரசாத்துக்கு மாமன் சொக்கலிங்கம் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை சொர்ணம்மாவும் நலம். கோழிகள் நலமில்லை; அதைப் பிறகு சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் எதைச் சொன்னாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நீ ஓடிவிடுகிறாய். காகிதத்திடமிருந்து அப்படி ஓட முடியாது. ஆகையால் உட்கார்ந்து படி.

சுனாமியில் நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்ததிலிருந்து என் வயல் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். நெல் போனது. கூனி வந்தது. அரிசிமணி அளவுகூட இல்லாத அந்தக் கூனி இறாலைத்தான் உன் அத்தை காயவைத்து, வறுத்து, மிளகாயோடு இடித்துப் பொடியாக்கி பஜாரில் விற்கிறாள். வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். ஊரில் எல்லோரும் கொசுவலையைக் கட்டிக் கூனி அள்ளினார்கள், நானும் அள்ளினேன். கொசுவலையில் கூனியோடு மீன்குஞ்சும் வந்து சாகும், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் பேசவில்லை. வயலிலிருந்து கடலுக்குப் போகும் ஓடையில் மீன் குறைந்ததும் ஊர்த் தலைவி, பிரதான் நீலாவதியம்மா பஞ்சாயத்தைக் கூட்டி, குஞ்சு சாகாமல் கூனி பிடிக்கத் தெரிந்தவன் மட்டும் இனி வலை கட்டலாம், மற்றவன் கொசுவலையைக் கட்டிலுக்குக் கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. தென்துருவக் கடலில் கிரில் என்று ஏதோ ஒரு கூனியைப் பிடிக்கும் கப்பலுக்கு வலை வரைவதுதானே உன் வேலை? துருவத்துக் கூனிக்கு வரையத் தெரிந்தவனுக்கு மாமன் வயல் கூனிக்கு வரையத் தெரியாதா என்று கேட்டேன். நீயும் வரைந்து அனுப்பினாய்.

உன் படத்தில் குறை சொல்ல மாட்டேன். வலையின் வாய்க்குள்ளே பெரிய கண் உள்ள இன்னொரு வலை சாய்வாக. கூனி அதற்குள் நுழைந்து பின்னாலிருக்கும் பை போன்ற மடிக்குப் போய்விடும். அதைவிடப் பெரியது எதுவானாலும் சாய்வில் சறுக்கி, மேலே இருக்கும் ஜன்னல் வழியாக வெளியே போய்விடும். மடி நிரம்பி வழியவிட்டால் கூனி ஒன்றையொன்று நசுக்கிக் கண் வழியே பிதுங்கிப் போகும், அப்படிச் செத்தது யார் கணக்கிலும் வராமல் கடலுக்குத்தான் நஷ்டம், அதனால் சீக்கிரம் தூக்குங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். தூக்கினேன். சாய்வுக்கு வேண்டிய வலையை நீ அனுப்பவில்லை. ஆகையால் கோழிக்கூண்டு வலையை அவிழ்த்துத் தைத்தேன். கோழிகள் நலமில்லை என்று சொன்னேனே, அது இதுதான். அவை சுகமாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஹால்தார் வீட்டில் இருக்கின்றன.

ஹால்தாரை உனக்கு நினைவிருக்கும். அடுத்த வயல்காரன். வயல் வயலாக இருந்த காலத்திலேயே வரப்பை ஆண்டுதோறும் என் பக்கம் நகர்த்தியவன். இப்போது அவனுடைய வயலும் தண்ணீரில்தான், ஆனால் கடல் பக்கத்துத் தண்ணீரில். அவன் அங்கே விரல் நுழையும் கண்ணுள்ள பெருவலை கட்டியிருக்கிறான். உன் படத்தைப் பார்த்து நான் வலை கட்டிய அன்று பிரதானம்மா ரோட்டோரம் நின்று பார்த்தார். கடல் இறங்கியது. மடியைத் தூக்கினேன். அத்தனையும் கூனி, ஒரு குஞ்சு இல்லை. பிரதானம்மா முகத்தில் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வரப்போகும் நேரத்தில் ஹால்தார் தன் வலையைத் தூக்கினான். கொடுவா, மடவை, கையளவு இறால், எல்லாம் என் ஜன்னல் வழியாக நான் வெளியே அனுப்பியவை. உன் ஜன்னல் நேராக அவன் வாசலில் திறக்கிறது, மருமகனே. நான் எதற்கு வழி விட்டாலும் அது அவனிடம்தான் போய்ச் சேர்கிறது, கோழி உள்பட.

அவை என் வயலில் வளர்ந்த மீன், கொடு என்று கேட்டேன். அவன் ஒரு கொடுவாவைத் தூக்கிப் பிடித்து அதனிடமே கேட்பதுபோல, “சொக்கா தாதா, மச்லி கோ மேட் மாலூம் ஹை க்யா?” என்றான். மீனுக்கு வரப்பு தெரியுமா என்கிறான். மீனுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். அதைக் காட்டுவதற்காக மூங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வரப்பைக் குத்திக்கொண்டே நடந்தேன். வரப்பு இருந்தது. பிறகு இல்லை. சேற்றில் இடுப்பளவு இறங்கிவிட்டேன். இழுத்துப் போட்டவன் ஹால்தார்தான். இழுத்தது அவன் பக்கத்துக் கரைக்கு. “முதலை திரியற எடத்துல வரப்பு அளக்கறீங்களே, உங்களுக்கு என்ன வயசு?” என்று பிரதானம்மா ஊர் முன்னால் கேட்டார். நான் வாயிலிருந்த சேற்றைத் துப்பிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவன் ஒரு பெரிய துண்டு கொடுவாவை நம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். உன் அத்தை அதை வாங்கியதோடு நிற்காமல் குழம்பும் வைத்தாள். நான் தொடவில்லை. குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் பிரதானம்மா சொன்ன தீர்ப்பு: “கூனி உங்களுக்கு, பெரிய மீன் ஹால்தாருக்கு, குஞ்சு அவரு வலைக் கண்ணுல நுழைஞ்சு கடலுக்கு. மூணு பேருக்கும் நியாயம்தானே, பெரியவரே?” கடலை ஒரு ஆளாகக் கணக்கில் சேர்த்த நியாயத்தை நான் இதுவரை கேட்டதில்லை. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வலை தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் ஹால்தார் வலையை எடுக்கச் சொல்கிறேன் என்று கடைசியில் இறங்கி வந்தார். ஆகவே நீ உன் ஆபீஸ் காகிதத்தில், முத்திரையோடு, ஜன்னல் உள்ள வலைக்குப் பின்னால் வேறு எந்த வலையும் இருக்கக் கூடாது, இருந்தால் கடலுக்குக் கேடு என்று எழுதி அனுப்பு. கொஞ்சம் பெரிதாகவே எழுது. அவன் வலை போக வேண்டும். அவன் வரப்பை நகர்த்தியபோது எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. இப்போது நீ இருக்கிறாய்.

தங்கையையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். உன் வலையில் எந்தத் திமிங்கிலமும் சிக்காமல், உன் கூனி எதுவும் நசுங்காமல், நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அத்தையும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் மாமன்,
சொக்கலிங்கம்

பின்குறிப்பு: கப்பல் வராததால் கடிதம் வீட்டிலேயே இருந்தது. இதை உன் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஹால்தாருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்திருந்தேன். வாசலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டான். மறுநாள் காலையில் தன் வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். கோழிகளைத் திருப்பி அனுப்பினான். நான் வெற்றி என்றுதான் நினைத்தேன்.

அன்று கடல் ஏறியது. உன் கப்பல் வலை முன்னால் மட்டும் போகும், என் ஓடை போகவும் வரவும் செய்யும் என்பதை நீ யோசிக்கவில்லை. வெளியே போக வைத்த ஜன்னல், தண்ணீர் திரும்பியதும் உள்ளே வரும் வாசலாகிவிட்டது. சொறி மீன், தேங்காய், யாருடையதோ ஒற்றைச் செருப்பு என்று எல்லாம் வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டன. கடல் இறங்கியபோது வெளியேற வழியில்லாமல் குஞ்சும் செத்து, கூனி கூழாகிவிட்டது. இத்தனை நாளும் அந்தக் குப்பையைத் தடுத்து நின்றது ஹால்தார் வலைதான் என்று இப்போது தெரிகிறது. இன்னொரு முறை குஞ்சு செத்தால் என் வலையும் வெளியே என்று பிரதானம்மா சொல்லிவிட்டார். உன் அத்தை உலக்கையைக் கழுவி மூலையில் வைத்துவிட்டாள்.

ஆகையால் மேலே கேட்டதை எழுதாதே. ஜன்னல் வலைக்குப் பின்னால் கட்டாயம் ஒரு பெருவலை இருக்க வேண்டும், அது இல்லாமல் இந்த வலையே நிற்காது என்று எழுது. இந்தியில் எழுது, அவனும் படிக்கட்டும். அவன் திருடன்தான், அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அவன் அங்கேயே இருக்க வேண்டும். நான் போய்க் கூப்பிட மாட்டேன். கப்பல் போய்ச் சேர நாளாகும் என்பதால் இந்தக் காகிதத்தைப் படம் பிடித்து உன் அத்தை இப்போதே அனுப்புகிறாள். பார்த்ததும், வலை அங்கேயே இருக்கட்டும் என்று கட்டைவிரல் படம் ஒன்றையாவது ஹால்தார் போனுக்கு அனுப்பு. எண்ணை உன் அத்தை தேட வேண்டியதில்லை, கீழே எழுதியிருக்கிறேன். எனக்கு அது மனப்பாடம்.