எந்தூரு, யாரு வீடு?

போனில் ஊரை ஏமாற்றிப் பிழைப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்து, 'இந்த ஆளுக்கு மட்டும் போன் போடாதே' என்று அவர்கள் ஒருவரை ஒதுக்கி வைத்திருந்தால், அது சங்கரன்கோவில் எந்தூரு அண்ணாச்சியாகத்தான் இருக்கும்.

அவருடைய எவர்சில்வர் பாத்திரக்கடைக்கு மேல் மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். பேர் வெட்டும் மெஷின் கீழே கிர்ரென்று ஓட ஆரம்பித்தால்தான் எனக்குப் பொழுது விடியும். கல்யாணத்துக்கு அண்டாவோ குடமோ வாங்கினால், கொடுப்பவர் பேரையும் ஊரையும் அதில் வெட்ட வேண்டும் அல்லவா? அதனால் "எந்தூரு? யாரு வீடு?" என்று கேட்பது அவருக்குத் தொழில். போகப்போக அதுவே குணமாகிவிட்டது. பால்காரர், கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர், வழி கேட்கும் வெளியூர்க்காரர் எல்லாரும் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். அவருடைய சொந்தப் பேர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் போனில் ஒருவன், "சார், உங்க பேங்க் கார்டு பிளாக் ஆயிடுச்சு" என்றான்.

"இருக்கட்டும். எந்தூரு?"

"ஹெட் ஆபீஸ் சார்."

"அது வேலை பாக்க எடம். பொறந்த ஊரு?"

"மும்பை சார். கார்டு நம்பர் சொல்லுங்க."

"மும்பைல நம்மாளுக நெறைய உண்டே. அப்பா என்ன பண்ணுதாரு? சாப்டியா தம்பி?"

அவன் போனை வைத்துவிட்டான். இன்னொருவன் போலீஸ் உடுப்போடு வீடியோவில் வந்து, "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைமருந்து இருக்கு, உங்களைக் கைது பண்ணப் போறோம்" என்று உறுமினான். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "சட்டை தோள்பட்டைல தொங்குதே. எந்தூரு டெய்லர் தச்சது?" என்றார். படம் அணைந்துவிட்டது.

உண்மையான ஆட்களும் தப்பவில்லை. பேங்குக்குப் புதிதாக வந்த மேனேஜரம்மா லாக்கர் விஷயமாகக் கூப்பிட்டார். கும்பகோணம் என்று சொல்லியும் அண்ணாச்சி விடவில்லை. "கும்பகோணத்துல யாரு வீடு?" என்று துளைத்தெடுத்தார். பொறுத்துப் பார்த்த அந்த அம்மா, கொளுத்துகிற வெயிலில் கடைக்கே நடந்துவந்து அடையாள அட்டையை நீட்டினார். அண்ணாச்சி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஊரு போடலியே" என்றார்.

இப்படியாக எங்கள் தெருவுக்கே அவர் காவல் ஆனார். தெரியாத நம்பரில் போன் அடித்தால், அடிக்கிற போனோடு ஜனங்கள் அவர் கடைக்கு ஓடுவார்கள். எங்களுக்கும் தைரியம் கூடிப்போனது. தைரியம் கூடும்போது கவனம் குறைகிறது என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வீட்டு கிளாரா டீச்சர் ரிட்டையர் ஆனவர், தனியாக இருப்பவர். முழங்கால் ஆபரேஷனுக்கென்று பேங்கில் பணம் சேர்த்து வைத்திருந்தார். அவருக்கு ஒரு போன் வந்தது. பென்ஷனுக்கு உயிர்ச்சான்று புதுப்பிக்க வேண்டுமாம், இல்லையென்றால் பென்ஷன் நின்றுவிடுமாம். டீச்சர் உஷாராக, "எங்க பாத்திரக்கடை அண்ணாச்சிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார். "கேளுங்கம்மா. எந்தக் கடை?" என்று அவன் பணிவாகக் கேட்டான். டீச்சரும் கடைப் பேரைச் சொன்னார்.

மறுநாள் அவன் திரும்பக் கூப்பிட்டான். டீச்சர் போனை வைக்காமல், காலை இழுத்து இழுத்து நடந்து கடைக்கு வந்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"எந்தூரு?" என்றார் அண்ணாச்சி.

"பக்கத்துல கரிவலம்தான் அண்ணாச்சி."

"யாரு வீடு?"

"வடக்குத் தெரு சண்முகத்தாய் மகன். தங்கச்சி கல்யாணத்துக்கு ஒங்க கடைலதான அண்டா எடுத்தோம். பேரு நீங்கதான வெட்டுனீய?"

அண்ணாச்சி முகம் மலர்ந்துபோனது. "நம்ம பையன்தான் டீச்சர்" என்றார். டீச்சர் கண்ணாடி எடுத்து வரவில்லை. போனில் வந்த ஓ.டி.பி.யை அண்ணாச்சியே வாசித்துச் சொன்னார்.

பணம் போன செய்தி உடனே அதே போனில் வந்தது. இருவரும் ஆட்டோ பிடித்துப் பேங்குக்கு ஓடினார்கள். மேனேஜரம்மா எந்த ஊர், யார் வீடு என்றெல்லாம் கேட்காமல், உடனே சைபர் குற்றப் பிரிவுக்குப் புகார் கொடுக்க வைத்தார். பாதிப் பணத்தை வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். மீதி போனது போனதுதான்.

"கரிவலத்தான் எப்படி ஏமாத்துவான்?" என்று அண்ணாச்சி புலம்பிக்கொண்டே இருந்தார். மேனேஜரம்மா தன் போனில் அவர் கடையின் பேஸ்புக் பக்கத்தைத் திறந்து காட்டினார். பேர் வெட்டிய ஒவ்வொரு பாத்திரத்தையும் பெருமையோடு படம் பிடித்து அதில் போட்டிருந்தார் அண்ணாச்சி. நடுவில் பளபளவென்று ஓர் அண்டா. அதில் அவர் கையாலேயே வெட்டிய எழுத்து: 'கரிவலம் வடக்குத் தெரு சண்முகத்தாய், மகள் கல்யாணத்துக்கு அன்பளிப்பு.'

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் ஊர் கேட்கவில்லை. "பேரு?" என்பார், வெட்டுவார், கொடுப்பார். போன பணத்தைத் தானே கொடுத்துவிடுவதாக டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். டீச்சர் சம்மதிக்கவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போனது. கீழே மெஷின் ஓடியது, பேச்சுச் சத்தம்தான் இல்லை. கடை இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது.

நிறுத்திய பணம் திரும்பி வரச் சில மாதங்கள் ஆயின. அது வந்த பிறகு ஒருநாள் டீச்சர் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கடைக்கு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன்.

"ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். மாறிப்போகாம பேரு வெட்டிக் குடுங்க அண்ணாச்சி."

அவர் தலை நிமிராமல் வாளியை வாங்கினார்.

"ஊரு கேக்க மாட்டியளா?"

"வேண்டாம் டீச்சர். கேட்டுத்தான ஒங்க காலை முடக்கிப் போட்டேன்."

"கேட்டதுல தப்பில்ல. பதில் சொன்ன உடனே நம்புனதுதான் தப்பு. நானும் சேந்துதான நம்புனேன்? கேளுங்க, நின்னா கால் வலிக்கு."

அண்ணாச்சி அப்போதுதான் தலை நிமிர்ந்தார். "எந்தூரு?"

"சங்கரன்கோவில்."

"யாரு வீடு?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "பாத்திரக்கடை அண்ணாச்சிக்குப் பக்கத்து வீடு."

அவர் அப்படியே வெட்டினார். நடுவில் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

இப்போது பழையபடி ஊரும் கேட்கிறார், வீடும் கேட்கிறார். ஆனால் பதில் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், "வைங்க, நானே கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டு, தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்குத் தானே அடிக்கிறார். தெருவில் எல்லாருக்கும் இப்போது அதுதான் பழக்கம். பேஸ்புக் படங்களில் அண்டாக்கள் பேர் தெரியாதபடி சுவரைப் பார்த்து நிற்கின்றன.

போன வாரம் வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தபோது அவரைக் கூப்பிட்டேன். மாடியில் குழாயை மூடிவிட்டு வந்தேனா என்று சந்தேகம். இத்தனை வருஷமாக அவர் தலைக்கு மேலேதான் குடியிருக்கிறேன், என் குரல் அவருக்குத் தெரியாததா?

"எந்தூரு? யாரு வீடு?" என்றார். சொன்னேன்.

"சரி, வைங்க. நானே கூப்பிடுதேன்."

அவர் திரும்பக் கூப்பிடும்வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அவ்வளவு பெரிய பட்டணத்தில் அன்றைக்கு என்னை எந்த ஊர் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.