இரும்புக் கைக்கு நான் எடுத்த பாடம்

என் ஆயுசில் நான் பாடம் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு மாணாக்கருக்குத்தான். அதற்கும் கை மட்டும்தான் இருந்தது, தலை கிடையாது. (நானும் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எங்களுக்குள் பொருத்தம் சரியாகவே இருந்தது.)

எண்பதுகளின் தொடக்கம். ஒரகடம் பக்கம் அப்போது இத்தனை கம்பெனி ஏது? மண்ணூர் தாண்டி ஒரு கோழிப் பண்ணையில் எனக்கு முட்டை அடுக்கும் வேலை. என்னைப் போல் வேகமாக, ஒரு கீறல் விழாமல் அடுக்க அங்கே ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும். (ஊர் மறந்தால் நான் ஞாபகப்படுத்துவேன்.)

பண்ணை முதலாளியின் அக்கா மகன் சேகர் சார், மெட்ராசில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அங்கே இடமில்லை என்று எங்கள் தீவன அறையில் ஓர் இரும்புக் கையைக் கொண்டுவந்து மேசையோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கினார். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு. விரல் இரண்டுதான். அதற்கு சைக்கிள் டியூபை வெட்டி உறை போட்டிருந்தார்.

"தனம்மா, இதோட மணிக்கட்ட நீங்க புடிச்சுக்கிட்டு ஒரு தடவ முட்டையை எடுத்து வெச்சுக் காட்டணும். நீங்க எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே அது திருப்பிச் செய்யும்" என்றார்.

"அதுக்கு அம்மாம் புத்தி கீதா, சார்?"

"இன்னும் இல்ல. இப்போதைக்குக் காட்டினதச் செய்யும். அப்புறம் முட்டை எங்க இருந்தாலும் தானே பார்த்து, எந்த வழியாப் போய் எடுக்கலாம்னு தானே யோசிக்கணும். என் ஆராய்ச்சியே அதுதான்."

பண்ணையில் அத்தனை பேர் இருக்க, என்னைத்தான் கூப்பிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

"இன்னாமே, மெசினுக்கே டீச்சரம்மா ஆயிட்டியாமே?" என்றார் என் வீட்டுக்காரர். "சம்பளம் துட்டா குடுப்பாங்களா, கிரீஸா குடுப்பாங்களா?"

"உனக்குப் பொறாம. சும்மா துன்னு."

சில நாளில் கை நன்றாகப் பழகிவிட்டது. சரிவுப் பலகையில் முட்டை உருண்டு வந்து ஓர் இடத்தில் நிற்கும். கை அதை எடுத்துத் தட்டில் வைக்கும். சார் தட்டை நகர்த்திக் கொடுப்பார்.

பிறகு மெட்ராசிலிருந்து, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பெரிய ஆபீசர் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. அவர் சரி என்றால் மெசின் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் அன்றைக்கே பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சேகர் சார் இத்தனை வருஷம் படித்ததும் அதோடு போச்சு.

அந்தக் காலையில் பார்த்து கரண்ட் போய் வந்தது. கரண்ட் போனால் கை படித்ததெல்லாம் அழிந்துவிடும். அதே நேரம் வாசலில் ஜீப் சத்தம். பின்னாலேயே ஒரு காலி டெம்போ. (மெசினை ஏற்றிப் போகக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்!)

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "தனம்மா, நான் போய் அவர்கூட ரெண்டு வார்த்த பேசிக்கிட்டிருக்கேன். நீங்க ஒரு முட்டையை மட்டும் எடுத்து வெச்சுக் காட்டிடுங்க" என்று ஓடினார்.

எனக்கா சொல்ல வேண்டும்? இரும்பு மணிக்கட்டைப் பிடித்தேன், எடுத்தேன், வைத்தேன், முடித்தேன். இரண்டாவது தடவை சரிபார்க்கலாமே என்று தோன்றவே இல்லை. வாத்தியாருக்கு எதற்கு மறுபார்வை?

ஆபீசர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. நான் நின்ற இடத்திலேயே நின்று, நான் குனிந்த மாதிரியே குனிந்து பார்த்தார். சார் சுவிட்சைப் போட்டார்.

கை முட்டையை அழகாக எடுத்தது. எடுத்து, தட்டுக்குப் போகாமல், மேலே வந்தது. ஆபீசரின் இடது கண்ணாடியில் மெதுவாக ஓர் ஒற்று ஒற்றியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாடம் காட்ட எடுத்ததுதானே அன்றைக்கு நான் தொட்ட முதல் முட்டை! தினமும் முதல் முட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தட்டில் வைப்பேன். என் கை தன் பாட்டுக்குச் செய்யும் வழக்கம், நான் நினைத்துச் செய்வதில்லை.

இடது கண் ஆனதும் வலது கண்ணுக்குப் போனது. ஆபீசர் பயந்துபோய்த் தலையைத் திருப்பினார். மடேர். மஞ்சள் கரு கன்னத்தில் வழிந்தது. கை அசரவில்லை. தட்டுக்குப் போய், இல்லாத முட்டையைப் பதவிசாக வைத்தது. திரும்பி வந்து அவர் வயிற்றில் இப்படியும் அப்படியும் துடைத்துக்கொண்டது. (முதல் முட்டையை வைத்ததும் முந்தானையில் கை துடைப்பதும் என் வழக்கம்தான்.)

ஆபீசர் மூச்சு விடுவதற்குள் அடுத்த முட்டை மேலே வந்துகொண்டிருந்தது. முதல் முட்டைக்கு மட்டும்தான் ஒற்ற வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது?

"நிறுத்துய்யா!"

சார் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் இதுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"நான்தாங்க."

"என்னம்மா இது?"

"காலைல மொத முட்டைங்க. கண்ணுல ஒத்திக்காம எப்டிங்க வெக்கிறது?"

சேகர் சார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அழுகிறார் என்றே நினைத்தேன். ஆபீசர் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். திடீரென்று அவர் தொந்தி குலுங்கியது. சிரிக்கிறார்!

"சேகர், இடது கண்ணுல பட்டப்போ முட்டை உடையலய்யா. கண்ணாடிகூட அசையல. நான் திரும்பினதாலதான் உடைஞ்சது. அவ்வளவு மெதுவாப் புடிக்குதே!"

"ஆமா சார்" என்றார் சேகர் சார், சுவரைப் பார்த்தபடியே.

"மெசின் இங்கேயே இருக்கட்டும். ஆனா இந்த அம்மா மட்டும் அது பக்கத்துல வரக் கூடாது."

டெம்போவில் முதலாளி முட்டைத் தட்டு ஏற்றி அனுப்பினார். நான் மறுபடி என் முட்டைக் கூடைக்கே போனேன்.

இப்போது என் பேரன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்கிறான். லைன் முழுக்க ரோபோவாம். வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"ஆயா, எங்க கம்பெனில ஒவ்வொரு ரோபோவச் சுத்தியும் கம்பி வேலி போட்டுக்கீறாங்க. ஏன் சொல்லு?"

"ஏன்டா?"

"நீ உள்ள வந்து பாடம் எடுத்துடுவியோன்னுதான்."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் அத்தனை கம்பெனியும் எனக்குப் பயந்து வேலி போட்டிருக்கிறதாம். வேறு எந்த டீச்சருக்குக் கிடைத்தது இந்த மரியாதை?